வயிற்றுக் கொழுப்பு அறுவைக்கு முன்னும் பின்னும் உடற்பயிற்சி: எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது

அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வரும். "வலியே இல்லை மேடம். நன்றாக நடக்கிறேன். நாளையிலிருந்து ஜிம்முக்குப் போகட்டுமா?" சென்னையில் பதினான்கு ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். முதல் வாரத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அப்போது படுக்கையிலிருந்து எழுவதே பெரும்பாடு. எட்டாவது வாரத்தில் கேட்டால் நானே சந்தோஷமாக அனுப்பி வைப்பேன். மூன்றாவது வாரத்தில் கேட்கிறார்களே, அதுதான் வம்பு.

தைத்த காயம் முதல் வாரக் கடைசியில் பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய 3 சதவீதத்தைத்தான் எட்டியிருக்கும். மூன்றாவது வாரத்தில் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதத்தில் 80 சதவீதம். அதற்கு மேல் அது ஏறுவதே இல்லை. வலியோ இந்தக் கணக்கைப் பார்த்துக் குறைவதில்லை, முந்திக்கொண்டு போய்விடுகிறது. தோலைத் தூக்கும்போது சிறு நரம்புகளும் அறுபடுவதால் வயிற்றின் கீழ்ப்பகுதி மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். வலி இல்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் அங்கே உணர்ச்சியே இல்லை. எனவே எதை எப்போது தொடங்கலாம் என்பதை நாள்காட்டியைக் கேட்டு முடிவு செய்யுங்கள், உற்சாகத்தைக் கேட்காதீர்கள்.

கீழே நான் தரும் வாரக் கணக்கு, சிக்கல் ஏதும் இல்லாமல் தேறி வருபவருக்கானது. உங்கள் அறுவை மருத்துவர் வேறு தேதி சொன்னால் அவர் சொன்னதுதான் கணக்கு. உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதலில்: உங்களுக்கு எந்த அறுவை?

எல்லோரும் பொதுவாக "வயிற்றைக் குறைக்கிற ஆபரேஷன்" என்றுதான் சொல்கிறார்கள். அதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று லைப்போசக்ஷன். சில மில்லிமீட்டர் அளவுத் துளைகள் வழியே குழாயை விட்டுத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. 1985இல் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், உப்பு நீரில் மரப்பு மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து முதலில் செலுத்திவிட்டு உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். ரத்த இழப்பு பெருமளவு குறைந்தது. இன்று பெரும்பாலும் அதன் வழிவந்த முறைகள்தான். இதில் தசையைத் தொடுவதில்லை.

மற்றொன்று டம்மி டக். இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறி, தோலை விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, மிகுதியை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புதிய இடம் அமைத்துத் தைப்பது. பிரசவத்தில் நடு வயிற்றுத் தசைகள் இரண்டும் விலகிப் போயிருந்தால் அவற்றையும் இழுத்துச் சேர்த்து நீளவாக்கில் தைத்துவிடுவார்கள்.

மருத்துவரைப் பார்க்கும் முதல் நாளே ஒரு கேள்வியைக் கேட்டு விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "டாக்டர், தசையைத் தைக்கப் போகிறீர்களா?" ஆம் என்றால் உங்கள் நாள்காட்டி நீளமானது. இல்லை என்றால் பாதிக்குப் பாதி குறைவு. கேள்வி கேட்கும் அதே மூச்சில் அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்பதையும் விசாரித்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தையில் மகள் கல்யாணம் என்று மார்கழியில் வந்து நிற்பவர்கள் உண்டு. டம்மி டக் செய்த வயிற்றில் வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம் வரை ஆகும். தழும்பு மங்க ஓராண்டு. தைக் கல்யாணத்துக்குச் சேலை சரியாக நிற்க வேண்டுமானால் ஆடியிலேயே அறுவை முடிந்திருக்க வேண்டும். ஆடியில் விசேஷங்கள் குறைவு, ஓய்வெடுக்கவும் தோது.

இன்னொரு கணக்கு வெயில். அறுவைக்குப் பின் இறுக்க ஆடையை லைப்போசக்ஷனுக்கு மூன்று முதல் ஆறு வாரம், டம்மி டக்குக்கு ஆறு வாரம் போல இரவும் பகலும் அணிய வேண்டியிருக்கும். சென்னையின் மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சி போவது எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எடை ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பது அடுத்தது. மூன்று முதல் ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருந்தால் நல்லது. இது எடை குறைக்கும் அறுவை அல்ல, வடிவம் திருத்தும் அறுவை. இன்னும் பத்து கிலோ குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள். பிறகு குறைத்தால் தோல் மறுபடி தொங்கும். உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். பிரசவமானவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுத்து, தாய்ப்பால் நிறுத்தி, அடுத்த குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகே டம்மி டக் பற்றி யோசிக்க வேண்டும். தைத்துச் சேர்த்த தசையை அடுத்த கர்ப்பம் திரும்பவும் விரித்துவிடும்.

அறுவைக்கு முந்தைய மூன்று மாதம்

இங்கே உடற்பயிற்சியின் நோக்கம் அழகு அல்ல. அறுவைக்குப் பிந்தைய இரண்டு வாரத்தைத் தாக்குப்பிடிக்கத் தொடையும் மூச்சும் தயாராக வேண்டும். அந்த நாட்களில் வயிற்றைப் பயன்படுத்தாமல் எழ வேண்டும், உட்கார வேண்டும், கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். அத்தனையும் தொடையின் வேலை.

வாரத்தில் ஐந்து நாள், 30 முதல் 45 நிமிடம் வேக நடை. அதோடு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு தவணைக்குப் பத்து முறை, மூன்று தவணை. எளிதாகிவிட்டால் தாழ்வான நாற்காலிக்கு மாறுங்கள். முதுகுத் தசைகளையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் கூன் போட்டு நடக்கும் நாட்களில் முதுகுதான் அதிகம் வலிக்கும்.

ஒருக்களித்து எழும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாமல், முழங்காலை மடக்கி, உருண்டு பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுவது. அறுவைக்குப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் முதல் இரவே நேராக எழ முயன்று அலறியதை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ரத்தசோகையைக் கவனியுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் பல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரத்தில் ஏற்றிவிடாது, சில மாதமாகும். அதனால் முதல் ரத்தப் பரிசோதனையைக் கடைசி வாரத்துக்கு வைத்திருக்காதீர்கள்.

புகையிலை எந்த வடிவத்தில் இருந்தாலும் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பின்பும் நான்கு வாரம் தொடக்கூடாது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் தூள், நிக்கோடின் சூயிங்கம் எல்லாமே இதில் அடக்கம். தூக்கிய தோலின் ஓரத்துக்கு ரத்தம் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. நிக்கோடின் அவற்றைச் சுருக்கிவிட்டால் ஓரம் கருத்து இறந்துபோகும்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். மௌன்ஜாரோ, வெகோவி இரண்டும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு மிஞ்சியிருக்கலாம், மயக்க மருந்தின்போது அது மூச்சுக்குழாயில் ஏறிவிடலாம். மயக்க மருத்துவரிடம் வாரக்கணக்கில் முன்பே சொல்லுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

கடைசி இரண்டு வாரம்

மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ, ஜிங்கோ போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். நாட்டு மருந்து, கஷாயம், சூரணம் சாப்பிடுபவர்கள் அதையும் பட்டியலில் சேருங்கள். "அது மருந்தில்லை, வீட்டு வைத்தியம்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடும் பயிற்சி வேண்டாம். தசை சிரமப்பட்டால் ஈரல் பரிசோதனையில் பார்க்கும் சில என்சைம்கள் தாமாகவே ஏறும். கிரியேட்டின் பொடி சாப்பிட்டால் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடத் தெரியலாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் பையன் ஒருவன் இதனால் மேற்கொண்டு நான்கு பரிசோதனைக்கு அலைந்தான். அவனுடைய நோயெல்லாம் முந்தைய நாள் செய்த டெட்லிஃப்ட்தான்.

கனமான எடைப் பயிற்சியை அறுவைக்கு மூன்று நான்கு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தசை வலியோடு மேசைக்குப் போவதில் லாபம் இல்லை. நடை மட்டும் முந்தைய நாள் வரை தொடரட்டும். கடைசி வாரத்தில் பட்டினி கிடந்து இரண்டு கிலோ குறைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். காயம் ஆறுவதற்கு வேண்டிய புரதம் அந்தப் பட்டினியில்தான் போய்விடும்.

முதல் இரண்டு வாரம்: நடையும் மூச்சும், வேறு எதுவும் இல்லை

அழகியல் அறுவைகளில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து டம்மி டக்கில்தான் அதிகம். அந்த உறைவு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. ஆகவே "நன்றாகப் படுத்து ஓய்வெடு" என்று வீட்டார் சொல்லும் அறிவுரையில் பாதிதான் சரி. அறுவை நாள் மாலையிலோ மறுநாள் காலையிலோ செவிலியர் எழுப்பி நடக்க வைப்பார். முகம் சுளிக்காமல் எழுந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடங்கள். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல். மாடி ஏறி வேகம் காட்ட வேண்டாம். படுத்திருக்கும்போது மணிக்கு இருபது முறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். மணிக்குப் பத்து முறை அதில் மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

டம்மி டக் ஆனவர்கள் இடுப்பில் வளைந்துதான் நடக்க வேண்டும். தையலில் இழுப்பு விழக்கூடாது. நிமிர்ந்து நடக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று. "ஏன் பாட்டி மாதிரி நடக்கிறாய்?" என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தூங்கும்போதும் முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று என்று சாய்வு நாற்காலி மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள்.

வளைந்து நடப்பதால் முதுகு வலிக்கும். உடனே யாராவது வெந்நீர்ப் பையோடு வருவார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தே பழகிய நம் வீடுகளில் இது அன்பின் அடையாளம். வயிற்றுப் பக்கம் மட்டும் அதை அண்டவிடாதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐஸ் பையும் அப்படித்தான்.

வடிகுழாய் வைத்திருந்தால் அதன் குப்பியில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். பல மருத்துவர்கள் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து வந்தால்தான் எடுப்பார்கள். அதிகம் நடமாடிய நாளில் அளவு கூடுவதை நீங்களே பார்க்கலாம். உங்கள் உடம்பு நடைக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைக் காட்டும் முதல் கருவி அதுதான். லைப்போசக்ஷன் ஆனவர்களுக்கு முதல் ஓரிரு நாள் துளைகள் வழியாக இளஞ்சிவப்பு நீர் கசியும். செலுத்திய நீர்தான் அது. பழைய போர்வை ஒன்றை விரித்துக்கொண்டால் மெத்தை பிழைக்கும்.

மலச்சிக்கலை முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். வலி மாத்திரைகளில் சில மலத்தைக் கட்டிவிடும். முக்குவது வயிற்றுத் தசைக்கு ஒரு பயிற்சிதான், அதுவும் கடுமையான பயிற்சி. தண்ணீர், கீரை, பழம், தேவையானால் மருத்துவர் தரும் மருந்து. தரையில் அமர்ந்து சாப்பிடுவதையும் தரைமட்டக் கழிப்பறையையும் இந்த இரண்டு வாரம் ஒதுக்கிவையுங்கள். உட்காருவதில் சிரமமில்லை, எழும்போதுதான் வயிறு பிடிக்கும்.

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல். திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி; இவற்றுக்கு 108ஐ அழையுங்கள். முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக உப்பி இறுகுதல். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தோல் ஓரம் கருத்துப்போதல். படுத்துத் தட்டினால் வயிற்றுத் தோலுக்கு அடியில் நீர் அலைபோல் ஆடினால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். இது அடிக்கடி வருவது, அவசரமும் இல்லை. ஆனாலும் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை: வம்பு பிடித்த காலம்

நான் பார்த்த நீர்க்கோப்புகளில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் வந்தவை. ஜிம்மில் அல்ல, வீட்டில். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. ஒரு வயதுக் குழந்தை 9 கிலோ. ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லும்போது எல்லோரும் டம்பெல்லை நினைத்துத் தலையாட்டுகிறார்கள். கிரைண்டர் கல், ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் ஏற்றுவது, முறுக்கு பிழிவது, குனிந்து கோலம் போடுவது எதுவும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. முறுக்கு பிழிவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அச்சை அழுத்தும்போது வயிற்றில் கைவைத்துப் பாருங்கள், பலகை போல இறுகும். குணமானதற்கு நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனால் கைகூப்புவது போதும். விழுந்து கும்பிடுவதை இரண்டு மாதம் தள்ளி வைத்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

கைக்குழந்தை இருந்தால் தூக்கும் வேலையை மாற்றிச் செய்யுங்கள். நீங்கள் சோபாவில் உட்காருங்கள், பிள்ளை ஏறி மடிக்கு வரட்டும்.

லைப்போசக்ஷன் மட்டும் ஆனவர்கள் மூன்றாவது வாரம் வேக நடைக்கும் நான்காவது வாரம் நிலை சைக்கிளுக்கும் இலேசான எடைகளுக்கும் போகலாம். ஓட்டம், குதிப்பது ஆறாவது வாரம். டம்மி டக் ஆனவர்கள் மூன்றாவது வாரம் நிமிர்ந்த நடை, ஒரே சமயத்தில் 15 முதல் 20 நிமிடம். நான்காவது வாரம் 30 நிமிடம். ஐந்தாவது வாரத்தில் மருத்துவர் சரி என்றால் நிலை சைக்கிள், பெடலில் இறுக்கம் வைக்காமல். நடக்கும்போது நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. சமதரையில் நடங்கள். மெரினா மணலில் கால் புதையப் புதைய நடப்பது உடம்பின் நடுப்பகுதிக்கு வேலை வைக்கும், அதை ஆறு வாரத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீச்சல் குளத்துக்கும் காயம் ஒரு பொருக்குகூட மிச்சமில்லாமல் மூடிய பிறகே.

இனி நான் எல்லோருக்கும் கொடுக்கும் சோதனை. தையல்காரரின் அளவு நாடா ஒன்று வாங்கி, காலையில் கழிப்பறை போய்வந்ததும் தொப்புள் மட்டத்தில் சுற்றளவைக் குறியுங்கள். மாலையில் வீக்கம் கூடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். புதிய பயிற்சி ஒன்றைச் சேர்த்த மறுநாள் காலை அளவு முந்தைய காலையோடு ஒத்துப்போனால் உடம்பு ஏற்றுக்கொண்டது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்தி, நடையைப் பாதியாக்கி, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஒரு சென்டிமீட்டர் பாடப்புத்தகத்தில் உள்ளதல்ல, என் கைக்கணக்கு.

ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை

ஆறாவது வாரம் மருத்துவர் பார்த்து அனுமதித்த பின் கைக்கும் காலுக்கும் எடைப் பயிற்சி தொடங்கலாம். பழைய எடையில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிடித்த மூச்சு வயிற்றுக்குள் அழுத்தமாக மாறித் தையலைத்தான் தள்ளும். தூக்கும்போது வெளியே விடுங்கள். உங்கள் டிரெய்னரிடம் அறுவை நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பல பெண்கள் மறைக்கிறார்கள். அவரும் பாவம், "வயிறு கொஞ்சம் தளர்வாக இருக்கிறது" என்று முதல் நாளே கிரஞ்ச் (மல்லாந்து தோளைத் தூக்கி வயிற்றைச் சுருக்கும் பயிற்சி) போடச் சொல்லிவிடுகிறார்.

தசை தைக்கப்பட்டவர்களுக்கு வயிற்றுப் பயிற்சி இப்படிப் படியேறட்டும். ஆறாவது வாரம்: மல்லாந்து முழங்கால் மடக்கி, மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடிப்பது. எட்டாவது வாரம்: அதே பிடிப்போடு ஒரு குதிகாலைத் தரையில் வழுக்கி நீட்டி மடக்குவது. ஒன்பது பத்தில்: நாலு கால் நிலையில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. பத்துக்கு மேல்: முழங்கால் ஊன்றிய பிளாங்க், அதாவது முன்கையையும் ஊன்றி உடலைப் பலகை போல நேராகப் பிடிப்பது. பன்னிரண்டில்: முழு பிளாங்க். ஒவ்வொன்றின்போதும் வயிற்றின் நடுவே கூரை முகடு போல மேடு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் அந்தப் படி உங்களுக்கு இன்னும் உயரம், ஒன்று கீழே இறங்குங்கள். கிரஞ்ச் கடைசி. செய்யாமலே விட்டாலும் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

யோகா செய்பவர்கள் "இது மென்மையானதுதானே" என்று ஐந்தாவது வாரமே பாயை விரித்துவிடுகிறார்கள். ஆசனங்களில் மென்மையும் உண்டு, முரடும் உண்டு. புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம் மூன்றும் தழும்பை நேராக இழுக்கும். நாவாசனம் தையல் போட்ட தசையையே பிடிக்கும். கபாலபாதியில் வயிறு நிமிடத்துக்குப் பல பத்து முறை வெடுக்கென்று சுருங்கும். இவை எல்லாம் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. சூரிய நமஸ்காரத்தில் இவற்றில் ஒன்று ஒளிந்திருப்பதால் அதற்கும் அதே கணக்கு. நாடிசுத்தி இரண்டாவது வாரத்திலேயே செய்யலாம். தாடாசனத்தில் கையை மேலே தூக்குவது ஆறாவது வாரம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மார்புத் திரட்சியை நீக்கும் அறுவைக்கு வரும் இளைஞர்களில் பாதிப் பேர் ஜிம் பிள்ளைகள். முதல் இரண்டு நாள் கையை வீசி வேலை செய்தால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். நடை உடனே, இலேசான சைக்கிள் மூன்றாவது வாரம், சுவரில் ஊன்றிய புஷ்-அப் ஆறாவது வாரம், பெஞ்ச் பிரஸ் எட்டுக்கு மேல் பாதி எடையோடு. ஜிம்மில் யாராவது ஊசி போட்டுவிடுவதாகச் சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். மார்பு திரள்வதற்கு அந்த ஸ்டீராய்டே ஒரு காரணம்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஏன் விடக்கூடாது

2012இல் பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்த ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இயல்பான எடையுள்ள 36 பெண்களுக்கு வயிற்றில் சிறிய அளவு லைப்போசக்ஷன் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பாதியினருக்கு நான்கு மாத உடற்பயிற்சி, மறுபாதியினருக்கு ஒன்றுமில்லை. ஆறாவது மாதம் பார்த்தபோது பயிற்சி செய்யாதவர்களின் குடலைச் சுற்றியுள்ள உட்கொழுப்பு 10 சதவீதம் கூடியிருந்தது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் தோலடிக் கொழுப்பைவிட நெருங்கிய உறவுள்ளது அந்தக் கொழுப்புதான். வெளியே தட்டையாக இருந்த வயிறு உள்ளே நிறைந்துகொண்டிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அது கூடவில்லை.

2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பருமனான 15 பெண்களுக்கு ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு உடல் தரும் பதிலிலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்டிராலிலோ முன்னேற்றம் ஏதும் இல்லை. பத்துக் கிலோவை நடந்து குறைத்திருந்தால் கிடைத்திருக்கும் பலன், குழாய் வழியே குறைத்தபோது கிடைக்கவில்லை.

சாவோ பாலோ பெண்கள் பயிற்சியைத் தொடங்கியது அறுவைக்கு இரண்டு மாதம் கழித்து. லைப்போசக்ஷனுக்கு அது போதும். தசை தைத்தவர்கள் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள், நடையோ ஓட்டமோ சைக்கிளோ ஒரு பங்கு, எடைப் பயிற்சி ஒரு பங்கு. அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே அந்தத் தொடக்க நாளையும் குறித்துவிடுங்கள். என்னிடம் வருபவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் மாத நாள்காட்டியைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது என் விதி. இரண்டு தேதிக்கும் வட்டம் போட்டுவிட்டு, மூன்றாவது வாரத்தின் மேல் "தொலைபேசி செய்ய வேண்டாம், விடை இல்லை" என்று எழுதிக் கொடுக்கிறேன். இருந்தும் சிலர் கூப்பிடத்தான் செய்கிறார்கள்.